ஆடாமல் எடுத்த படம்

பெட்டிக் கேமராவைக் கையில் பிடித்து எடுத்த படம் கலங்கிப் போயிருந்தால், முதலில் அதில் இருக்கும் சுவரைப் பார்க்க வேண்டும். சுவரும் சேர்ந்து கலங்கியிருந்தால் ஆடியது எடுத்தவனுடைய கை. சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஆடியது ஆள். இதை எனக்குச் சொன்னவர் கோலாலம்பூர் பட்டணத்தில் படம் கழுவிக் கொடுத்த சீனக் கடைக்காரர். என் மகளை நான் எடுத்த எட்டுப் படங்களையும் கண்ணாடிப் பெட்டிமேல் பரப்பிவைத்து, ஒவ்வொன்றிலும் எங்கள் வீட்டுப் பலகைச் சுவரை விரலால் தொட்டுக் காட்டினார். சுவர் எங்கும் நேராக இல்லை. ஈரத்தில் எழுதிய எழுத்துப்போல் ஊறிக் கிடந்தது.

"பிள்ளை ஆடலை, கிராணி," என்றார், பாதி மலாயும் பாதித் தமிழுமாக. "தாங்ஙான் கோயாங். உன் கைதான் ஆடுது."

நான் ரயில்வே அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒன்றில் குடியிருந்தோம். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடமிருந்து அந்தக் கேமராவை வாங்கியிருந்தேன். கறுப்புத் தோல் ஒட்டிய ஒரு பெட்டி; முன்னால் ஒரு கண், பக்கத்தில் ஒரு விசை, மேலே நகத்தளவு கண்ணாடி. பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். எதிரே இருப்பவர் இடம் வலமாக மாறித் தெரிவார். விசையைத் தட்டினால் ஒரு கண்சிமிட்டும் நேரம் திறந்து மூடும். கையில் பிடித்து எடுக்கும்போது அந்த நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே எல்லாம் கையைப் பொறுத்தது.

என் கை படம் எடுக்கத் தெரியாத கை அல்ல என்றுதான் நினைத்திருந்தேன். குவார்ட்டர்ஸ் வரிசையில் யாராவது இறந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே இறந்தவரின் முகத்தைக் கடலுக்கு அப்பால் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். வேறு எப்படி அவர்கள் நம்புவார்கள், எப்படி அழுவார்கள்? பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, சரியாதபடி இடுப்பில் துண்டால் கட்டி, மாலை போட்டு, நெற்றியில் காசு ஒட்டுவார்கள். நான் கேமராவை ஒரு மேசைமேல் வைத்து, விசையை மாற்றிவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை திறந்துவைப்பேன். அந்தப் படங்கள் ஒன்றுகூடக் கலங்கியதில்லை. கழுவி வந்ததும் பின்புறம் பெயரும் வயதும் எழுதிக் கொடுப்பேன்.

அப்படி நான் எடுத்தவற்றில் ஒன்று என் மூத்த மகனுடையது. இரண்டரை வயதில் காய்ச்சலில் போனான். எங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து நானே எடுத்தேன். அப்போது நாகப்பட்டினத்தில் இருந்த என் அக்காவுக்கு, "பிள்ளைக்கு உடம்பு சுகமில்லை" என்றுதான் தந்தி அடித்தேன். இறந்துவிட்டான் என்று அடிக்க மனம் வரவில்லை. அடுத்த கப்பலில் படத்தை அனுப்பினேன். கடிதம் எழுத முடியவில்லை. பின்புறம் பெயர், வயது, அவ்வளவுதான். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்த வீட்டு வாத்தியார் படித்துச் சொன்னார்.

அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா இல்லாத என்னை வளர்த்துப் படிக்கவைத்துக் கப்பலேற்றியவள். புருஷனை இழந்தவள், பிள்ளைகளும் இல்லை.

மகன் போய் ஐந்து வருஷம் கழித்து மகள் பிறந்தாள். எனக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. அந்த வயதில் கிடைத்த பிள்ளையை நான் எப்படி வளர்த்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். தும்மினால் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மழைக்காலத்தில் அவள் நடந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே பின்னால் போவேன். அவளைப் படம் பிடிக்க அந்த நகத்தளவு கண்ணாடியில் பார்க்கும்போது, அத்தனை சிறியதாக, இடம் வலம் மாறி, ஓசையில்லாமல் அவள் நிற்பது தெரியும். விசைக்குக் கட்டைவிரல் போகும். உடனே கை நடுங்கிவிடும். காரணம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

கலங்கிய படங்களையே அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் வாத்தியாரிடம் சொல்லி எழுதவைக்கும் பதில்கள் பொறுமையாகவே இருந்தன. "சட்டை தெரியுது, மூஞ்சி தெரியலை" என்று ஒரு முறை. "பனிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு, அங்கே பனி உண்டா?" என்று ஒரு முறை. மகளுக்கு நான்கு வயது முடியும் சமயம் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. நெஞ்சில் நீர் கோத்துப் படுக்கையில் இருப்பதாகவும், கண்ணும் மங்கிக்கொண்டே வருவதாகவும் சொல்லியிருந்தாள். "புள்ளை மூஞ்சிய ஒரு தடவ தெளிவாப் பாத்துட்டேன்னா போதும். அதுக்கப்புறம் கண்ணு போனாப் போவட்டும்."

எனக்கு நீண்ட விடுப்புக் கிடைக்க இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். மகனைக் கூட்டிப்போன மறுமாதம்தான் அவன் படுத்தான் என்று என் மனைவி ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். வீட்டில் என் கையால் எடுக்கத்தான் அனுமதி.

அந்த மாதம் முழுவதும் கையைப் பழக்கினேன். கடைக்காரர் சொன்னபடி இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, கால்களை அகட்டி, பெட்டியை வயிற்றில் பதித்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைத் தட்டாமல் மெல்ல அமுக்க வேண்டும். கேமராவின் அடியில் இருந்த திருகுக் குழியில் ஒரு திருகாணியை முடுக்கி, அதில் சணல் கயிறு கட்டினேன். கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்வரை பெட்டியை மேலே இழுத்துப் பிடித்தால் பாதி ஆட்டம் நின்றுவிடும். படச்சுருள் போடாத பெட்டியின் தலையில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அது அலைபாயாமல் விசையை அமுக்கிப் பழகினேன். அலுவலகம் போகும் முன் பத்துத் தடவை, வந்த பின் பத்துத் தடவை. சட்டையெல்லாம் நனைந்தது.

"பேனா பிடிச்சா நிக்கிற கை, இதப் பிடிச்சா மட்டும் ஏங்க காவடி ஆடுது?" என்று மனைவி கேட்டாள். மகளும் ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்று ஆடாமல் இருக்கப் பார்ப்பாள். அவள்தான் ஜெயிப்பாள்.

நான்காவது பிறந்தநாளன்று கிள்ளானில் இருந்த அம்மன் கோயிலுக்குக் காலை ரயிலில் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். அம்மன் கழுத்திலிருந்து எடுத்த மாலை ஒன்றைக் குருக்கள் பிள்ளைக்குப் போட்டுவிட்டார். நெற்றியில் சந்தனத்தை வட்டமாக அப்பியிருந்தார்கள். வீடு வந்து சேரும்போது நல்ல வெயில். வெளிச்சம் மிகுந்திருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று முற்றத்தில் நாற்காலியைப் போட்டேன். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், பிள்ளையின் முகத்தில் நேராக விழ வேண்டும் என்பது பாடம். அவள் நெளிந்தாள், சறுக்கினாள். ஏழு படம் போய்விட்டது. மிச்சம் ஒன்றுதான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு கட்டினேன். தலையைப் பின்னால் சாய்த்து வைத்தேன். அத்தைக்குப் படம் போக வேண்டும், மூச்சுக்கூட விடக் கூடாது என்று சொன்னேன். கயிற்றை மிதித்தேன். கிண்ணத்துத் தண்ணீரை நினைத்துக்கொண்டேன். விசையை அமுக்கினேன். கை ஆடவில்லை. அமுக்கியபோதே எனக்குத் தெரிந்தது.

கடைக்காரர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். மாலையின் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. சுவர்ப் பலகையில் ஆணித் தலைகள்கூடத் தெரிந்தன. அவர் "தீடோர்?" என்று மட்டும் கேட்டார். தூங்குகிறதா என்று. இல்லை, வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள். மூக்கு அப்படியே என் அக்காவுடையது என்றாள். பிறகு, கண் திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இன்னொரு சுருள் போட்டு எடுத்து அனுப்பலாமே என்றாள். கப்பல் மறுநாள். அதை விட்டால் அடுத்ததற்கு நாளாகும், அதற்குள் அக்காவின் பார்வை என்ன ஆகுமோ. முகம்தானே கேட்டாள், முகம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டு அட்டைக்கு நடுவில் படத்தை வைத்து, பின்புறம் மகளின் பெயரும் வயதும் எழுதினேன். கடிதம் எழுத நேரமில்லை, அடுத்த தபாலில் விரிவாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். சுவெட்டன்ஹாம் துறைமுகம் வரை ரயிலில் போய், தபால் பை கட்டுவதற்கு முன் சேர்த்துவிட்டுத் திரும்பினேன். அன்று ரயிலில் உட்கார்ந்திருந்தபோது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

தந்தி என் மேசைக்கு ஒரு முற்பகலில் வந்தது. வாத்தியார் பெயரில், ஆங்கிலத்தில். பிள்ளை போன செய்தி கண்டோம், அக்கா மூன்று நாளாக அன்னம் தொடவில்லை, எப்படி நேர்ந்தது என்று தெரிவிக்கவும்.

காலையில் நான் புறப்படும்போது மகள் வாசலில் நின்று கையாட்டினாள். அதற்கு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. தந்தி அதற்கு முன்பே நாகப்பட்டினத்தில் எழுதப்பட்டது என்பதும், அங்கிருப்பவர்களுக்கு என் வீட்டுச் செய்தி எனக்கு முன்னால் தெரியாது என்பதும் பள்ளிப் பிள்ளைக்குக்கூட விளங்கும். எனக்கு விளங்கவில்லை. நான் நம்பினேன். குடையை விட்டு, தொப்பியை விட்டு, யாரிடமும் சொல்லாமல் தண்டவாள ஓரமாகவே பிரிக்பீல்ட்ஸ் வரை ஓடினேன். ஜல்லியில் ஒரு செருப்புப் போனது தெரியவில்லை.

மகள் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து ஜம்புப் பழம் தின்றுகொண்டிருந்தாள். அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன். அழுத்தி வைத்துவிட்டேன் போலிருக்கிறது, அழத் தொடங்கினாள்.

"என்னங்க? ஆபீஸ் நேரத்துல என்னங்க?" என்று மனைவி ஓடிவந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தந்தியைத் தமிழில் சொல்ல வேண்டும். பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல முடியவில்லை. "அக்கா... படத்தைப் பார்த்துட்டு..." என்று மட்டும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்துவந்தாள். அதை நாங்கள் பல வருஷமாகப் பிரித்ததில்லை. மகனின் படம். மகளின் படத்தில் நாங்கள் வைத்துக்கொண்ட பிரதியை அதற்குப் பக்கத்தில் படியில் வைத்தாள்.

"நாற்காலியப் பாருங்க," என்றாள்.

அதே பிரம்பு நாற்காலி. அதே பலகைச் சுவர். மாலை. இடுப்பில் துண்டு. பின்னால் சாய்ந்த தலை, மூடிய கண். நெற்றியின் நடுவில் வெள்ளை வட்டம். அவனுக்குக் காசு, இவளுக்குச் சந்தனம், படத்தில் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் சுவர் கொஞ்சமும் கலங்கவில்லை. திருப்பிப் பார்த்தால் என் கையெழுத்து, பெயர், வயது. ஒரு மாதம் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணம் வைத்துப் பழகி, என் மகளை நான் பிணமாக எடுத்து அனுப்பியிருந்தேன். எடுத்தபோதும் கழுவி வந்தபோதும் அட்டையில் வைத்தபோதும் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: கலங்கியிருக்கிறதா இல்லையா.

உடனே போய்ப் பதில் தந்தி அடித்தேன். குழந்தை நலம், உயிரோடு இருக்கிறாள், படம் கோயிலுக்குப் போய்வந்து எடுத்தது. இரண்டு நாளில் வாத்தியாரிடமிருந்து மறு தந்தி வந்தது. அக்கா நம்பவில்லை. விவரம் பின்னால் கடிதத்தில் வந்தது. தந்தியை வாத்தியார் மூன்று தடவை படித்துச் சொன்னாராம். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாளாம்: "மூத்தவன் போனப்பவும் ஒடம்பு சொகமில்லேன்னுதான் தந்தி குடுத்தான். தந்தி பொய் சொல்லும் வாத்தியாரே. படம் சொல்லாது."

நான் சொல்லிக்கொடுத்ததுதான் அது. எத்தனை கடிதம் போட்டாலும், மனதைத் தேற்ற எழுதுகிறான் என்றுதான் எடுத்துக்கொள்வாள். கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்குகிறது என்று தந்தியில் இருந்தது. அடுத்த கப்பலுக்கு நான்கு நாள். அதில் ஒரு படம் போய்ச் சேர வேண்டும், அதுவரை அவள் உயிர் நிற்க வேண்டும்.

மறுநாள் காலை விடுப்பு எடுத்தேன். புதுச் சுருளைப் பெட்டியில் போடவே முடியவில்லை, கை அப்படி உதறியது. வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். மனைவி நாற்காலியைத் தூக்கி வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, பிள்ளையோடு முன்படியில் உட்கார்ந்தாள். கயிற்றை மிதித்தேன். முழங்கையை ஒட்டினேன். கண்ணாடியில் இருவரும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஆடியது நான்தான். பெட்டியை இறக்கினேன். பழக்கத்தில், "பாப்பா, ஆடாம இரு" என்று சொன்னேன்.

என் மனைவி அதிர்ந்து பேசுகிறவள் அல்ல. அன்றும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ ஆடட்டும். நீங்க ஆடாம இருந்தாப் போதும்."

நான் பின்னால் நகர்ந்து முற்றத்து ஜம்பு மரத்தில் முதுகைச் சாய்த்தேன். இரண்டு தோளும் மரத்தில் பட்டன. கயிறு காலடியில், மரம் முதுகில், பெட்டி வயிற்றில். மூச்சைப் பாதி விட்டேன். அப்போதும் நடுக்கம் இருந்தது. ஆனால் மரம் அதை வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தலையை நிமிர்த்தி, மகளை நேராக, அவள் இருக்கும் அளவிலேயே, இடம் இடமாகவும் வலம் வலமாகவும் பார்த்தேன். பெட்டியை அவள் பக்கம் காட்டியபடியே பிடித்திருந்தேன். அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அதைப் பார்த்து மனைவி சிரித்தாள். அத்தைக்கு டாட்டா காட்டு என்றேன். காட்டினாள். விசையை மெல்ல அமுக்கினேன்.

எட்டில் அது ஒன்றுதான் தேறியது. கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, மாலைக்குள் வேண்டும் என்று கேட்டேன். அவர் வேறு வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்தார். ஈரம் காயாத படத்தை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, முதலில் சுவரைத்தான் பார்த்தார். பலகை பலகையாக நின்றது. மனைவியின் பொட்டும் வளையலும் சிரிப்பும் தெரிந்தன. பிள்ளையின் முகம் முக்கால்வாசி தெளிவு. கண் திறந்திருந்தது, வாயும் திறந்திருந்தது. ஆட்டிய கை மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாகப் புகைபோல் ஏதோ இருந்தது. கெட்டுப்போய்விட்டதே என்றேன். அவர் அந்தப் புகையை விரலால் காட்டி, இதை அனுப்பு என்றார்.

இந்தத் தடவை பின்புறம் ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தை உள்ளேயே வைத்தேன்.

காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் பியூன் என் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவேன். கடைசியில் தந்தி வரவில்லை. கடிதம்தான் வந்தது, வாத்தியார் கையெழுத்தில்.

படத்தை அக்கா கையில் கொடுத்தாராம். ஜன்னல் பக்கம் தூக்கி உட்காரவைக்கச் சொன்னாளாம். கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாளாம். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். "இந்தக் கை எங்க?" என்றுதான் கேட்டாளாம். எடுக்கும்போது பிள்ளை கையை ஆட்டியிருக்கிறது, ஆட்டினால் கேமராவுக்குப் பிடிபடாது என்று வாத்தியார் விளக்கினாராம். அக்கா அந்த இடத்தை விரலால் தொட்டு, "அப்ப ஆட்டுது" என்றாளாம். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் ரசம் இருக்கிறதா என்று வாத்தியார் வீட்டம்மாவைக் கேட்டாளாம்.

கடிதத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. பிள்ளைக்கென்று வெள்ளியில் ஒரு ஜோடிக் கொலுசு செய்து டப்பாவில் வைத்திருந்தாளாம், நாங்கள் விடுப்பில் வரும்போது போட. முதல் படம் வந்த மறுநாள் அதை அம்மன் கோயிலுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாளாம். கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது, அம்மன் காலிலேயே இருக்கட்டும், பிள்ளை காலுக்கு நீயே வாங்கிப் போடு என்று சொல்லச் சொன்னாளாம்.

அந்த விடுப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குக் கண் தெரியவில்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். மகள் கூச்சத்தில் தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள். நான், ஆடாமல் இரு என்று சொல்லப்போய் நிறுத்திக்கொண்டேன். மறு வருஷம் அக்கா இறந்தாள்.

இப்போது மகளுக்குப் பத்து வயது. பகலில் அவள் தூங்கினால் நான் இன்னமும் பக்கத்தில் போய் நின்று, போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். அவளுக்குத் தெரியும். சில சமயம் விழித்துக்கொண்டே, கண்ணைத் திறக்காமல், கையைத் தூக்கி ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அக்காவின் டப்பாவை வாத்தியார் கப்பலில் அனுப்பிவைத்தார். முதல் படம் அதில் இல்லை. இரண்டாவது இருந்தது. ஓரங்கள் மழுங்கியிருந்தன. சுவர்ப் பலகைகள் எடுத்த அன்றுபோலவே தெளிவாக இருந்தன. கண் போன பிறகும் விரலால் தேடிக்கொண்டே இருந்திருப்பாள்போல. அந்த வெள்ளைப் புகை இருந்த இடத்தில் மட்டும் பூச்சு தேய்ந்து அடிக்காகிதம் வெளியே வந்திருந்தது.